பள்ளிகொண்ட பெருமாளும் அநாதைக் கிரகங்களும்

பாலாற்றங்கரையில் அரவணைமேல் அறிதுயில் கொண்டிருக்கும் உத்தர ரங்கநாதரை முன்னிட்டே பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பெயர் வாய்த்தது. உறங்குகிற இதே பெருமாள்தான் கலியுகத்தின் முடிவில் வெள்ளைக் குதிரையேறி, உருவிய வாளுடன் கல்கியாக வருவார் என்று புராணம் சொல்லுகிறது. ஊருக்குத் தெற்கே ஜவ்வாது மலைக்காட்டில், வானசாஸ்திர நிபுணர் வைணு பாப்பு இருளை நாடிச் சென்று நிறுவிய காவலூர் வானாராய்ச்சிக் கூடத்தில், சூரிய மண்டலத்தில் அதுவரை எவர் கண்ணிலும் படாத சிறு கோள்களையும் வால்நட்சத்திரங்களையும் தேடும் பணி ஒன்றை 1980-களின் பிற்பகுதியில் விஞ்ஞானிகள் தொடங்கியபோது, அதற்குக் ‘கல்கி’ என்றே நாமகரணம் செய்தார்கள். பிரளயகாலத்து அவதாரத்தின் பெயரை ஒரு தேடும் வேலைக்கு இட்டதில் சற்றுக் குறும்பு இருக்கத்தான் செய்கிறது.

ஆகாயத்திலிருந்து ஆபத்து வரும் என்னும் பயம் மிகப் பழையது. அதற்கு இக்காலத்து வானசாஸ்திரம் கொடுத்திருக்கும் புதிய உருவம் அநாதைக் கிரகம். ஒரு நட்சத்திரத்தின் குடும்பத்தில் பிறந்து, வியாழனைப் போன்ற பெரிய சகோதரன் ஒருவனின் ஆகர்ஷண சக்தியால் வெளியே வீசியெறியப்பட்டோ, நட்சத்திரமாகத் திரளுவதற்குப் போதிய வாயு கிட்டாமல் தனியே பிறந்தோ, விடியலே இல்லாத இருட்டில் அலையும் கோளம் அது. ஒளியில்லாத ஒன்றை எப்படிக் காண்பது? தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்கும் நமக்கும் நடுவே அது குறுக்கிடும்போது, அதன் ஆகர்ஷணம் நட்சத்திரத்தின் கதிர்களை வளைத்துப் பூதக்கண்ணாடிபோலக் குவிப்பதால், அந்த நட்சத்திரம் சிறிது நேரம் பிரகாசம் கூடி மீண்டும் பழைய நிலைக்கு மங்குகிறது. வார்ஸா பல்கலைக்கழகத்தார் சிலி நாட்டில் வைத்திருக்கும் தொலைநோக்கியில் 2016-ல் பதிவாகி, 2020-ல் வெளியான அப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சியின் காலக்கணக்கு 42 நிமிஷமே. குறுக்கிட்டது செவ்வாய்க்கும் பூமிக்கும் இடைப்பட்ட எடையுள்ளது என்று கணித்தார்கள். பிறந்த சூடு ஆறாத அநாதைகள் அகச்சிவப்புக் கதிரில் நேரடியாகவே தென்படும். ஆனி மாத இரவுகளில் தெற்கே கொடுக்கைத் தூக்கி நிற்கும் விருச்சிக ராசியின் திசையிலேயே 70-க்குக் குறையாதவற்றை 2021-ல் கண்டிருக்கிறார்கள். நட்சத்திரங்களைப்போல் சுமார் 20 மடங்கு அநாதைக் கிரகங்கள் இருக்கலாம் என்பது 2023-ல் வந்த மதிப்பீடு.

கதாசிரியர்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள். எச். ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய ‘நட்சத்திரம்’ என்ற சிறுகதையில், வெளியிலிருந்து வந்த கோளம் நெப்டியூனோடு மோதித் தீக்கோளமாகிப் பூமியை அணுகிச் செல்கிறது. பால்மரும் வைலியும் 1933-ல் வெளியிட்ட ‘உலகங்கள் மோதும்போது’ நாவலில் ஒன்றுக்கு இரண்டாகவே வருகின்றன. இவையெல்லாம் இடியும் புயலுமான கதைகள். என்னை உலுக்கியது ஃப்ரிட்ஸ் லைபர் 1951-ல் எழுதிய ‘ஒரு வாளிக் காற்று’தான்: கரிய நட்சத்திரம் ஒன்று பூமியைச் சூரியனிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட, காற்றே உறைந்து பனியாய்க் கிடக்க, சிறுவன் ஒருவன் அதை வாளியில் அள்ளிவந்து குடும்பத்தார் சுவாசிப்பதற்காக அடுப்பருகே வைக்கிறான். மோதிச் சாவதைவிட அநாதையாகி உறைவது எத்தனை கொடியது என்பதை அந்த ஒரு வாளியே சொல்லிவிடுகிறது. கொழும்பில் குடியேறிய ஆர்தர் கிளார்க்கோ, 1973-ல் வெளியிட்ட ‘ராமாவுடன் சந்திப்பு’ நாவலில், 2077-ல் விண்கல் விழுந்து வட இத்தாலி அழிந்த பிறகு மனிதர் ‘விண்வெளிக் காவல்’ ஒன்றை ஏற்படுத்துவதாக எழுத, அப்பெயரையே பிற்காலத்து அமெரிக்க விஞ்ஞானிகள் தங்கள் மெய்யான தேடலுக்கு எடுத்துக்கொண்டார்கள். நம் காவலூருக்கு அந்த இரவல் வேண்டியிருக்கவில்லை. ஊர்ப்பெயரிலேயே காவல் இருக்கிறது.

ஆயினும், அடுத்த நட்சத்திரமே நான்கு ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற இந்த விஸ்தாரத்தில் அநாதைக் கிரகம் ஒன்று நம் வாசலுக்கு வருமென்று அஞ்சுவது, வேலூரில் ஒருவன் எறிந்த கடுகு ஆம்பூரில் ஒருவன் எறிந்த கடுகோடு மோதுமென்று காத்திருப்பதை ஒக்கும். சுமார் 450 கோடி ஆண்டுகளாகச் சூரியனின் கிரகங்கள் ஏறத்தாழ வட்டமான பாதைகளில் குலையாமல் சுற்றிவருவதே, பெருத்த விருந்தாளி எவரும் நடுவீட்டுக்குள் நுழைந்ததில்லை என்பதற்குச் சாட்சி.

பயம் இந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. 2016 பிப்ரவரி 6-ல், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, பஸ் ஓட்டுநர் ஒருவர் மாண்டபோது, விண்கல் விழுந்ததென்று அரசாங்கமே அறிவித்து நிவாரணமும் வழங்கியது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றார்கள். வானத்தைக் குற்றவாளியாக்க நாம் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறோம்! பள்ளிகொண்டாவை ஒட்டி ஓடும் பாலாற்றுக்கு நேர்ந்த கேடு, உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புரைக்க வேண்டிவந்த அளவுக்கு, தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீராய் வந்ததேயன்றி ஆகாயமார்க்கமாய் வந்ததன்று.

கல்கியைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1988 பிப்ரவரி 17-ல் அவர்களுள் ஒருவரான ராஜமோகன் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு ஒரு சிறு கோளைக் கண்டார். மதராஸ் வானாய்வகத்தில் போக்சன் 1861-ல் ‘ஆசியா’ என்னும் சிறு கோளையும் பின்னர் வேறு சிலவற்றையும் கண்டதற்கப்புறம், ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிவிட்டு இந்திய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது அது. 4130 என்ற எண்ணும் கணித மேதை ராமானுஜனின் பெயரும் பெற்ற அந்தக் கோள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, எவருக்கும் இடையூறின்றிச் சூரியனைச் சுற்றிவருகிறது.