29 எம்எல்ஏ ஜெயிச்சாங்க, ஓட்டு யாரோடது? தேமுதிக வளர்ந்ததும் தேய்ந்ததும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

உத்திரமேரூர்ல இருந்து பேசுறோம்.

நம்ம ஊர் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரங்க முதல்ல கேட்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பத்திதான். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. ஊரை 30 குடும்பாகப் பிரிச்சு, சொத்து, வயசு, படிப்புன்னு நிபந்தனை வெச்சு, தகுதியானவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்ன முறை. அதுல கட்சி கிடையாது, எதிர்க்கட்சியும் கிடையாது. இன்னிக்கு நம்ம சட்டமன்றம் அப்படி இல்லை. எதிர்க்கட்சி பலவீனமா இருந்தா கேள்வி கேட்க ஆள் இருக்காது.

அதனால இந்த எபிசோட்ல ஒரு எதிர்க்கட்சியோட கதையைப் பார்க்கலாம். கட்சி ஆரம்பிச்ச ஆறே வருஷத்துல திமுகவைப் பின்னுக்குத் தள்ளிப் பிரதான எதிர்க்கட்சி ஆனது தேமுதிக. அதுக்கு அடுத்த பத்து வருஷத்துல அரை சதவீத ஓட்டு கூட இல்லாம போச்சு. எப்படி?

தனியா நின்ன காலம்

விஜயகாந்த் கட்சி ஆரம்பிச்சது 2005 செப்டம்பர் 14, மதுரையில. ஆனா அடித்தளம் அதுக்கு முன்னாடியே இருந்தது. 2001 உள்ளாட்சித் தேர்தல்லயே அவரோட ரசிகர் மன்றத்துக்காரங்க சுயேச்சையா நின்னு பல இடத்துல ஜெயிச்சாங்க. கிராமத்துல மன்றம் வெச்சிருந்த பசங்கதான் பின்னாடி கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர்னு ஆனாங்க.

2006 சட்டமன்றத் தேர்தல்ல 232 தொகுதியில தனியா போட்டி. ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு: விருத்தாசலம், விஜயகாந்தே நின்ன தொகுதி. பாமக பலமா இருந்த இடத்துல பாமகவையே தோற்கடிச்சார். மாநிலம் முழுக்கக் கிடைச்ச ஓட்டு 8.4 சதவீதம். 2009 மக்களவைத் தேர்தல்ல மறுபடியும் தனியா நின்னு 10 சதவீதத்தைத் தாண்டினாங்க. சீட்டு ஒண்ணு கூட இல்லை.

இந்த ஓட்டு யாரோடது? திமுகவும் வேண்டாம், அதிமுகவும் வேண்டாம்னு நினைச்சவங்களோடது. பெருசா ஒரு கொள்கை விளக்கம் கேட்டு அவங்க வரலை. ரெண்டு பக்கமும் சேராத ஒரு ஆள் இருக்கார்ங்கிறதுதான் அவங்களுக்குக் கிடைச்ச காரணம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

2011: கணக்கு மாறுது

நம்ம தேர்தல் முறையில தொகுதியில முதல்ல வர்றவருக்குத்தான் சீட்டு. எல்லாத் தொகுதியிலயும் நூத்துக்கு எட்டுப் பேர் ஓட்டுப் போட்டாலும் கையில மிஞ்சுறது ஒண்ணுமில்லை. அப்போ சீட்டு வேணும்னா கூட்டணி வேணும். 2011-ல தேமுதிக அதிமுகவோட சேர்ந்தது.

41 தொகுதியில நின்னு 29-ல ஜெயிச்சாங்க. அப்போ நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ள இருந்த ஆலந்தூரும் செங்கல்பட்டும் அதுல சேர்த்தி. மொத்த ஓட்டு 7.9 சதவீதம். அதாவது 2006-ஐ விடக் கொஞ்சம் குறைவு! எட்டு சதவீத ஓட்டுக்கு அப்போ ஒரு சீட்டு, இப்போ 29 சீட்டு.

இதுல என்ன சூட்சுமம்? போட்டியிட்ட 41 தொகுதியை மட்டும் எடுத்துக்கிட்டா, அங்கே தேமுதிக வாங்கினது ஏறக்குறைய 45 சதவீதம். அதுல அவங்க சொந்த ஓட்டு எட்டு, பத்துன்னு வெச்சுப்போம். மீதி 35? பெரும்பாலும் இரட்டை இலை ஓட்டு, முரசுக்கு விழுந்தது. அதே நேரத்துல உத்திரமேரூர் மாதிரி அதிமுக நின்ன தொகுதிகள்ல முரசு ஓட்டு இரட்டை இலைக்குப் போச்சு.

திமுகவுக்குக் கிடைச்சது 23 இடம். தமிழ்நாட்டுல எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்துக்கு மொத்த உறுப்பினர்கள்ல பத்துல ஒரு பங்கு, அதாவது 24 பேர் வேணும். 29 பேரோட விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. பெரும்பான்மைக்கு 118 போதும். அதிமுக தனியாவே 150 பேர் வெச்சிருந்தது. அரசுக்குத் தேமுதிக தேவையே இல்லை. ஆனா தேமுதிக எம்எல்ஏக்கள்ல பலர் அதிமுக ஓட்டு இல்லாம அடுத்த தடவை ஜெயிக்க முடியாது. ஆளுங்கட்சி ஓட்டுல ஜெயிச்சு வந்தவங்க ஆளுங்கட்சியை எதிர்த்துப் பேசணும்!

உடைஞ்சது எப்படி

அஞ்சு மாசம் கூடத் தாங்கலை. 2011 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தல்லயே கூட்டணி முறிஞ்சது. 2012 பிப்ரவரி 1-ம் தேதி சட்டமன்றத்துல பெரிய வாக்குவாதம். விஜயகாந்த் பத்து நாள் சஸ்பெண்ட் ஆனார். அந்த வருஷக் கடைசியில தேமுதிக எம்எல்ஏக்கள் ஒவ்வொருத்தரா முதல்வர் ஜெயலலிதாவைப் போய்ப் பார்க்க ஆரம்பிச்சாங்க. தொகுதிப் பிரச்சினை பேசத்தான்னு காரணம் சொன்னாங்க.

கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கே, பதவி போகாதான்னு கேட்கலாம். அவங்க கட்சியை விட்டு விலகுறோம்னு எழுதிக் கொடுக்கலை. உறுப்பினராகவே இருந்துக்கிட்டு, சபையில எதிர்ப் பக்கம் போனாங்க. தகுதிநீக்கம் செய்ற அதிகாரம் சபாநாயகர் கையில. அவர் ஆளுங்கட்சிக்காரர். வருஷங்கள் ஓடுச்சு.

2013 டிசம்பர்ல கட்சியோட மூத்த தலைவர், ஆலந்தூர் எம்எல்ஏ பண்ருட்டி ராமச்சந்திரன் விலகினார். தேர்தல் நெருங்கின 2016 பிப்ரவரியில எட்டுப் பேர் ஒரே நேரத்துல ராஜினாமா. மிச்சம் 20. எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தும் போச்சு.

அதுக்கப்புறமும் ஒரு வாய்ப்பு இருந்தது. 2016 தேர்தலுக்குத் திமுகவும் பாஜகவும் தேமுதிகவை எதிர்பார்த்துக் காத்திருந்தாங்க. பழம் நழுவிப் பால்ல விழும்னு கருணாநிதி சொன்னது அப்போதான். விஜயகாந்த் போனது மக்கள் நலக் கூட்டணிக்கு, முதல்வர் வேட்பாளரா. 104 தொகுதியில ஒண்ணும் கிடைக்கலை. ஓட்டு 2.4 சதவீதம். உளுந்தூர்பேட்டையில அவரே டெபாசிட் இழந்தார்.

பழையபடி ரெண்டு பேருக்கும் எதிரா நின்னாரே, ஓட்டு ஏன் திரும்ப வரலை? 2011-ல அதிமுகவோட, 2014-ல பாஜகவோட, கடைசி நிமிஷம் வரைக்கும் திமுகவா இல்லையான்னு இழுத்தடிப்பு. தனி ஆளுங்கிற நம்பிக்கை அதுக்குள்ள கரைஞ்சிருச்சு. அவரோட உடல்நிலையும் மோசமாச்சு. முன்ன மாதிரி ஊர் ஊரா போய்ப் பேச முடியலை. கட்சியில அவரை விட்டா அந்த இடத்துக்கு வேற முகம் வளரலை.

வளர்ந்தவங்க வெளியே போனாங்க. 2011-ல ஈரோடு கிழக்குல முரசு சின்னத்துல ஜெயிச்ச சந்திரகுமார் 2016-ல பிரிஞ்சு போனார். 2025 இடைத்தேர்தல்ல அதே தொகுதியில திமுக எம்எல்ஏ ஆனார். 2021-ல அமமுகவோட சேர்ந்து 60 தொகுதியில நின்ன தேமுதிக வாங்கினது 0.43 சதவீதம்.

2023 டிசம்பர் 28-ல விஜயகாந்த் காலமானார். தீவுத்திடல்ல கூடின கூட்டத்தைப் பார்த்தவங்களுக்கு, மக்களோட பிரியம் குறையலைன்னு புரிஞ்சிருக்கும். அடுத்த வருஷம் விருதுநகர்ல அவர் மகன் விஜய பிரபாகரன் 4,379 ஓட்டுலதான் தோத்தார். ஆனா அதுவும் அதிமுக கூட்டணியில நின்ன தேர்தல்.

வேற எங்கேயாவது நடந்திருக்கா?

ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வே நாட்டுல நடந்திருக்கு. 1999-ல தொழிற்சங்கத் தலைவர் மார்கன் சுவாங்கிராய் ஆரம்பிச்ச எம்டிசி கட்சி, 2008 தேர்தல்ல முகாபேயோட கட்சியை விட அதிக இடம் பிடிச்சது. ஆனா அதிபர் தேர்தல் ரெண்டாவது சுற்றுல தொண்டர்கள் மேல அவ்வளவு வன்முறை, அவர் விலகிட்டார். 2009-ல முகாபே அதிபர், சுவாங்கிராய் பிரதமர்னு கூட்டு அரசு. 2013-ல எம்டிசி படுதோல்வி. 2018-ல அவர் இறந்ததும் வாரிசுச் சண்டையில கட்சி உடைஞ்சது. அங்கே இருந்த அடக்குமுறை இங்கே கிடையாது, ரெண்டையும் ஒண்ணா வைக்க முடியாது. ஆனா யாரை எதிர்த்து வளர்ந்தாங்களோ அவங்களோடவே சேர்ந்தது, ஒரே தலைவரை நம்பி இருந்தது, இந்த ரெண்டும் பொது.

நமக்கு இதுல என்ன?

தனியாவே நின்னா என்ன ஆகும்? நாம் தமிழர் கட்சியைப் பாருங்க. 2016-ல ஒரு சதவீதம், 2021-ல 6.6, 2024-ல 8 சதவீதத்தைத் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைச்சது. அந்த மூணு தேர்தல்லயும் சீட்டு ஒண்ணு கூட இல்லை. கூட்டணி சேர்ந்தா சீட்டு வரும், காரணம் போகும். சேராட்டி காரணம் இருக்கும், சீட்டு வராது. இந்த முறையில ரெண்டையும் ஒண்ணா வெச்சிருக்கிறது ரொம்பக் கஷ்டம்.

இதுல அதிகம் நஷ்டப்பட்டது தலைவர்கள் இல்லை. கைக்காசைப் போட்டுக் கொடிக்கம்பம் நட்ட கிளைச் செயலாளர்களும், மாற்று ஒண்ணு வேணும்னு ஓட்டுப் போட்ட பத்துல ஒருத்தரும்தான். புதுசா யார் கட்சி ஆரம்பிச்சு உங்க தெருவுக்கு வந்தாலும் கூட்டத்தை எண்ணாதீங்க. ரெண்டு விஷயம் கேளுங்க. யார் ஓட்டுல ஜெயிக்கப் போறீங்க? ஜெயிச்சப்புறம் அவங்களையே எதிர்த்துப் பேச வேண்டி வந்தா என்ன பண்ணுவீங்க?

எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு என்னென்ன அதிகாரம் இருக்குன்னு தனியா ஒரு எபிசோட்ல பேசுவோம்.