வரைபடம் சரியாக இருந்தால்தான் நிவாரணம்!

காஞ்சிபுரம் பகுதி ஏரிப் பாசன வயல்களில் சம்பா நெல் மூழ்கினால், நிவாரணத்துக்கு முதலில் கேட்கப்படுவது அடங்கல். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்ற பதிவு தவறினால், இழப்பீடும் கை நழுவும்.

அந்தப் பதிவு இப்போது செல்போனுக்கு மாறுகிறது. டிஜிட்டல் பயிர் சர்வேயில், வயலிலேயே நின்று படமெடுத்து, ஜி.பி.எஸ். குறியீட்டோடு ஏற்ற வேண்டும். 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களும் இந்தப் பணியில் இறக்கப்பட்டனர்.

சிக்கல் எங்கே? சங்கிலி பிடித்து அளந்த பழைய புலப்படங்கள், தேசிய தகவலியல் மையத்தின் 'கொலாப்லேண்ட்' மென்பொருளில் ஏற்றப்பட்டன. அவற்றைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போது வரப்பு சில மீட்டர் விலகினால்கூட, ஒருவர் நெல் அடுத்தவர் கணக்கில் விழும். கணினியும் தெரிந்து, வரப்பும் தெரிந்த ஆட்கள்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில், இன்று 'ஜியோ இன்பர்மேடிக்ஸ்' பட்டப் படிப்பே இருக்கிறது. விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற படிப்பு இது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை: பட்டா, புலப்படத்தை இணையத்தில் எடுத்து வயலோடு ஒப்பிடுங்கள். கணக்கெடுப்பின்போது உடன் நில்லுங்கள். அறுவடைக்கு முன்பே அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.