முதல்நிலை செல்களும் இரண்டாம் நிலை செல்களும்

விலங்கின் திசுவிலிருந்து நேரடியாகப் பிரித்து ஊட்டக் கரைசலில் வளர்க்கப்படுபவை முதல்நிலை செல்கள். சிறுநீரகம், கோழிக்கரு போன்றவற்றின் திசுவைப் பொடியாக நறுக்கி, டிரிப்சின் என்ற நொதியால் செல்களைத் தனித்தனியாக்குவார்கள். 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவை கலத்தின் அடியில் ஒட்டிப் பெருகும். உடலில் இருந்தபோதிருந்த இயல்புகளை இவை பெருமளவு இழப்பதில்லை.

கலத்தில் இடம் நிறைந்ததும் பெருக்கம் நின்றுவிடும். செல்களைப் பிரித்துப் புதிய கலங்களுக்கு மாற்றினால் கிடைப்பவை இரண்டாம் நிலை செல்கள். இவற்றின் எண்ணிக்கை கூடும். மூல இயல்போ மெல்ல மாறக்கூடும். இயல்பான மனிதச் செல்கள் ஏறத்தாழ 40 முதல் 60 முறை இரட்டித்தபின் நின்றுவிடுவதை 1961இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினர்.

சில செல்கள் மாற்றமடைந்து வரம்பின்றிப் பெருகும். 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவான வீரோ செல்கள் அத்தகையவை.

தடுப்பூசித் தயாரிப்பிலும் இத்தகைய செல்கள் பயன்படுகின்றன. வெறிநாய்க்கடிக்கு முன்பு ஆட்டு மூளைத் திசுவில் தடுப்பூசி தயாரானது. அது சிலருக்கு நரம்புப் பாதிப்பை ஏற்படுத்தியது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் பின்னர் வீரோ செல் தடுப்பூசிக்கு மாறியது. கோழிக்கருவின் முதல்நிலை செல்களில் தயாராகும் தடுப்பூசியும் இந்தியாவில் உண்டு. இரண்டும் உயிர் காப்பவை.