சமூகப்பணி மேற்பார்வை

சமூகப்பணி மேற்பார்வை என்பது பயிற்சியிலோ பணியிலோ உள்ள சமூகப்பணியாளர் ஒருவர், அனுபவமும் தேர்ச்சியும் மிக்க வேறொரு சமூகப்பணியாளருடன் குறித்த இடைவெளிகளில் அமர்ந்து, தாம் கையாளும் நேர்வுகளை ஆராயும் தொழில்முறை ஏற்பாடு ஆகும். ஆலையில் உற்பத்தி வரிசையைக் கண்காணிப்பவரும் மேற்பார்வையாளர் என்றே அழைக்கப்படுவதால், திருப்பெரும்புதூர் - ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் இச்சொல் குழப்பம் தரக்கூடும். இரண்டும் வெவ்வேறானவை.

தோற்றம்

1869 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட அறப்பணி ஒருங்கிணைப்புச் சங்கமும், பின்னர் அமெரிக்க நகரங்களில் தோன்றிய அதே வகைச் சங்கங்களும் ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கத் தன்னார்வலர்களை அனுப்பின. அவர்களுக்கு வழிகாட்டச் சம்பளப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். மேற்பார்வையின் தொடக்கம் இதுவே எனலாம். 1936 இல் வர்ஜீனியா ராபின்சன் இப்பொருள் பற்றித் தனி நூல் எழுதினார். 1976 இல் வெளியான தம் நூலில் ஆல்பிரட் கடூசின், மேற்பார்வைக்கு நிர்வாகம், கல்வி, ஆதரவு என்னும் மூன்று பணிகளை வகுத்தார். இவ்வகைப்பாடு இன்றும் பாடத்திட்டங்களில் கற்பிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் பயிற்சிக்கால மேற்பார்வை

இந்தியாவில் முறையான சமூகப்பணிக் கல்வி 1936 இல் மும்பையில், இன்றைய டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் முன்னோடிப் பள்ளியில் தொடங்கியது. 1952 இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். முதுகலை மாணவர்கள் பொதுவாக வாரத்தில் இரண்டு நாட்கள் ஒரு நிறுவனத்தில் களப்பணி செய்வர். அவர்களுக்கு அந்நிறுவனத்தில் ஒருவரும் கல்லூரியில் ஓர் ஆசிரியரும் மேற்பார்வையாளராக இருப்பர்.

களப்பணி அறிக்கையே இம்முறையின் உயிர்நாடி. "ஆலோசனை வழங்கப்பட்டது" என்று ஒரு வரியில் எழுதினால் போதாது. வந்தவர் என்ன சொன்னார், மாணவர் என்ன கேட்டார், எந்த இடத்தில் உரையாடல் தடைப்பட்டது, அப்போது மாணவர் மனத்தில் எழுந்தது அச்சமா எரிச்சலா என்பவையும் பதிவாக வேண்டும். ஆசிரியர் அதைப் படித்துத் தனிக் கலந்தாய்வில் மாணவருடன் பேசுவார். பல மாணவர்களுக்குப் பொதுவான சிக்கல்கள் குழுக் கலந்தாய்வில் பேசப்படும். பட்டம் பெற்றதும் பெரும்பாலானோருக்கு இந்த ஏற்பாடு அற்றுப்போகிறது.

திருப்பெரும்புதூர் - ஒரகடம் பகுதி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கியது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை 2010 இல் திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரம் அருகே பாக்சுகான் ஆலையில் பெருமளவில் இளம்பெண்கள் பணிபுரிகின்றனர். வெளி மாவட்டங்களிலிருந்து வரும் இவர்களுள் பலர் விடுதிகளில் தங்குவதால், உணவு, உறக்கம், வீட்டு நினைவு ஆகியவையும் பணியிடச் சிக்கல்களாகி விடுகின்றன.

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 49, ஐந்நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் (2020) இவ்வரம்பை 250 ஆகக் குறைத்தது. சமூகப்பணி பயின்றோர் இப்பதவிக்கு வருவது வழக்கம்.

நல அலுவலருக்குச் சம்பளம் தருவது ஆலை; அவர் உதவ வேண்டியது தொழிலாளருக்கு. பழைய சட்டத்தின் கீழ் பல மாநிலங்கள் வகுத்த விதிகள், தொழிலாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளை நல அலுவலர் கையாளக்கூடாது எனத் தடுத்தது இந்த முரண்பாட்டை உணர்ந்தே. நடைமுறையில் அவர் மனிதவள மேலாளரிடமே அறிக்கை தருகிறார். கடூசின் கூறிய மூன்றில் நிர்வாகப் பணி மட்டும் அங்கு நடைபெறுகிறது. தம் ஐயங்களை மேலாளரிடமே சொல்ல வேண்டியிருப்பதால், அவற்றைச் சொல்லாமல் விடுவதே அவருக்குப் பாதுகாப்பாகிறது.

எடுத்துக்காட்டாக, விடுதியில் தங்கியுள்ள பெண் ஒருவர் தம் வரிசைக் கண்காணிப்பாளர் தகாத முறையில் நடந்ததாக நல அலுவலரிடம் கூறி, "யாரிடமும் சொல்லாதீர்கள் அக்கா" என்று கேட்டுக்கொள்வதாகக் கொள்வோம். 2013 ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பொதுவாக மூன்று மாதங்களுக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்துமூலம் முறையிட வேண்டும். எழுத இயலாதவருக்குக் குழு உதவ வேண்டும். இவ்விதி தெரிந்தாலும் அலுவலரின் தயக்கம் தீராது. வாக்கை எதுவரை காப்பது, அப்பெண்ணை அவசரப்படுத்தாமல் காலக்கெடுவை எப்படி உணர்த்துவது, பதிவேட்டில் எதை எழுதாமல் விடுவது ஆகியவற்றை நிறுவனத்துக்கு வெளியே உள்ள மூத்த பணியாளர் ஒருவருடன், பெயர் மறைத்து, பேச முடிந்தால் பிழைகள் குறையும்.

2021 டிசம்பரில் பாக்சுகான் தொழிலாளர் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சானதில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். ஆலை மூடப்பட்டு 2022 சனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது.

சட்ட நிலை

இங்கிலாந்தில் புதிதாகப் பணியேற்கும் சமூகப்பணியாளருக்கான முதலாண்டுத் திட்டம், முதல் ஆறு வாரங்களுக்கு வாரந்தோறும் மேற்பார்வை வேண்டும் என்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மருத்துவச் சமூகப்பணி உரிமம் பெற மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றியிருக்க வேண்டும். இந்தியாவில் சமூகப்பணி முழுமைக்குமான சட்டபூர்வ மன்றம் இல்லை. துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய 2021 ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களை உள்ளடக்குகிறது. ஆலைகளில் பணிபுரியும் நல அலுவலர்கள் அதன் வரம்பில் வரவில்லை.