பிரித்தானியப் படையினரின் பழைய சுழல்துப்பாக்கிகள்

முத்திரை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் எம்மவர் நன்கறிவர். கல்லூரி விடுதியிலே முத்திரைப் புத்தகம் வைத்திராத மாணவனைக் காண்பது ஒரு காலத்தில் அரிதாயிருந்தது. ஆயின், துவக்குச் சேர்ப்போர் என்றொரு கூட்டத்தாரும் உளர் என்று சொன்னாற் பலரும் புருவத்தை நெரிப்பர். அதிலும், ஆண்டுக்கணக்காக வெடியொலி கேட்டு உறக்கமிழந்த எமது சமூகத்துக்கு அச்சொல்லே உவப்பானதன்று. இப்பொருள்பற்றி இம்மலருக்கு எழுதுமாறு கேட்கப்பட்டபோது நாமும் முதலிலே தயங்கினோம். எனினும், பிழைப்பின் நிமித்தம் இங்கிலாந்திற் குடியேறிய பின்னர், அந்நாட்டு நண்பர் ஒருவரின் அழைப்பையேற்றுச் சறே மாகாணத்துப் பிஸ்லி சூட்டுக்களத்துக்குச் சென்று கண்டவற்றையும், நூல்களிற் படித்தறிந்தவற்றையும் பழைய மாணவர் முன் வைப்பதிற் பிழையில்லை எனத் துணிந்தோம். கல்லூரிக் கடேற் படையிலே றைபிள் பிடித்த பழக்கம் ஒன்றே இதற்கு எமக்குள்ள தகுதி.

றிவோல்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியின் அமைப்பை முதலில் விளக்குவோம். குழலின் பின்னே ஓர் உருளை, அதிலே பெரும்பாலும் ஆறு அறைகள், அறைக்கொரு ரவை. சுத்தியல் பின்வாங்குந்தோறும் உருளை ஓரறையளவு சுழன்று, அடுத்த ரவையைக் குழலுக்கு நேரே கொணர்ந்து நிறுத்தும். சுடுதல் இதனால் எளிதாயிற்று. சுட்டபின் ஆறு வெற்றுக் கூடுகளையும் அகற்றி மீள நிரப்புவதே இடர்ப்பாடாயிற்று. பிரித்தானியப் படையின் சுழல்துப்பாக்கிச் சரித்திரத்திற் பெரும்பகுதி இவ்விடர்ப்பாட்டுக்கு விடை தேடிய சரித்திரமே எனலாம்.

1880 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் என்பீல்ட் ஆயுதத் தொழிற்சாலை ஒரு விடையைத் தந்தது. பிலடெல்பியா நகரத்து ஓவன் ஜோன்ஸ் என்பாரின் திட்டம் அது. குழலைக் கீழே மடக்கினால் உருளை முன்னோக்கி நகரும். கூடுகள் பின்னே பிடிபட்டு நின்று தாமே விழவேண்டும். மேலிருந்தவை விழுந்தன; அடியிலிருந்தது அடிக்கடி சிக்கிக்கொண்டது. நிரப்புவதோ பக்கத்திலுள்ள சிறு கதவு வழியாக ஒன்றன்பின் ஒன்றாக. குதிரைமேலிருக்கும் வீரன் பகைவன் முன்னே இவ்வளவு பொறுமை காட்டவேண்டும் என எதிர்பார்த்தவர் யாரோ, அறியோம்.

1887 இல் பேமிங்ஹாம் நகரத்து வெப்ளி கொம்பனியாரின் துப்பாக்கி படைக்கு ஏற்கப்பட்டது. முதல் ஒப்பந்தம் 10,000 துப்பாக்கிகளுக்கு. விலை ஒன்றுக்கு 3 பவுண் 1 சிலிங் 1 பென்ஸ். இதன் நுட்பம் மிக எளியது. சுத்தியலின் அருகேயுள்ள நெம்பைப் பெருவிரலால் அழுத்தினாற் பூட்டு விடுபடும். குழலும் உருளையும் ஒருங்கே கீழ்நோக்கி மடங்கும். மடங்கும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவான ஓர் உறுப்பு மேலெழுந்து ஆறு கூடுகளையும் ஒரேயடியாகத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, முழுதும் மடங்கியதும் சட்டென்று தன்னிடத்துக்கு மீண்டுவிடும். எமது நண்பர் இதனைச் செய்துகாட்டியபோது, எண்பது வயதைக் கடந்த ஒருவர் உட்பட அங்கு நின்ற அனைவரும் குழந்தைகள்போல் மீண்டும் ஒருமுறை செய்யச் சொல்லிக் கேட்டனர்.

முதலாம் மாதிரியிலிருந்து ஆறாம் மாதிரி வரை வெப்ளி வளர்ந்தது. இடையில் வந்தவற்றுள் 1899 இன் நான்காம் மாதிரியைப் போவர் யுத்தத்தோடு சேர்த்துப் பேசுவர். 1913 இன் ஐந்தாம் மாதிரி புகையில்லா மருந்தின் விசையைத் தாங்குமாறு உருளை தடிக்கப்பெற்றது. 1915 மே மாதம் ஏற்கப்பட்ட ஆறாம் மாதிரியே முதலாம் உலக மகாயுத்தத்தின் பதுங்கு குழிகளிற் பெயர் பெற்றது. ஆறங்குலக் குழலும், பறவையலகு போன்ற பழைய கைப்பிடிக்குப் பதிலாகச் சதுரமான கைப்பிடியும் இதன் அடையாளங்கள். கைப்பிடியின் அடியிலுள்ள வளையம் அலங்காரமன்று. கைதவறினாலும் சேற்றிலே தொலையாதபடி கயிறு கோப்பதற்கானது. இத்துப்பாக்கிக்குப் பொருத்தும் குத்துவாள் ஒன்றையும் பிரிச்சாட் என்ற கப்டன் வகுத்தார். அது படைக்கு முறைப்படி வழங்கப்படவேயில்லை. ஆதலின் இன்று அதற்கு விலை மிகுதி, போலிகளும் மிகுதி.

யுத்தம் முடிந்தபின், .455 ரவை கொண்ட பெரிய துப்பாக்கியிற் புதிய வீரரைப் பயிற்றுதல் கடினம் எனக் கண்ட படையினர் .38 அளவுக்கு இறங்கினர். வெப்ளியார் தமது மாதிரியை அனுப்பினர். அரசாங்கம் அதனைத் தழுவி என்பீல்டிலே தானே செய்துகொண்டது. 1932 இல் ஏற்கப்பட்ட அத்துப்பாக்கிக்காக வெப்ளியார் 2,250 பவுண் கோரி, 1,250 பவுண் பெற்றனர். 1938 இல் அதன் சுத்தியலின் வால் வெட்டப்பட்டது. தாங்கிப் படையினரின் துப்பாக்கி வண்டியின் உள்ளே அங்குமிங்கும் கொழுவுகின்றது என்பது காரணமாகக் கூறப்படுகின்றது. முன்னர் செய்தவற்றுட் பலவும் இவ்வாறே மாற்றப்பட்டமையால், வால் வெட்டப்படாத ஒன்றைக் காண்பவர் அதைக் கீழே வைக்க மனங்கொள்ளார்.

சேர்ப்பவர் எதைப் பார்க்கின்றனர்? பளபளப்பையன்று. புதிதாக நீலம் பூசி மினுக்கிய துப்பாக்கியை அறிந்தவர் ஒதுக்கிவிடுவர். மினுக்கும்போது எழுத்துக்கள் தேய்ந்துவிடுகின்றன. எழுத்துக்களே அதன் சாதகம். செய்த ஆண்டு, அரசாங்க உடைமையைக் காட்டும் அம்புக்குறி, சேவையினின்று விற்கப்பட்டதைக் காட்டும் முனையோடு முனை சேர்ந்த இரட்டையம்பு, பரிசோதனைச் சாலையின் முத்திரை, சிலவற்றிலே படைப்பிரிவின் பெயர் ஆகியவற்றை வரிசையாகப் படித்தால் அதன் வாழ்க்கை தெரியவரும். அக்காலத்தில் அதிகாரிகள் தம் துப்பாக்கியைத் தாமே வாங்கவேண்டியிருந்தது. படையின் ரவையை ஏற்பதாயிருந்தாற் போதும். ஆதலின் வாள் செய்வதிற் பேர்போன வில்கின்சன் கொம்பனியாரும் தெரிந்தெடுத்த வெப்ளிகளைத் தமது பெயரோடு விற்றனர். உரியவரின் பெயர் பொறித்த துப்பாக்கி கிடைத்தால், அப்பெயரைப் பழைய படைப்பட்டியல்களிலே தேடிச் செல்வது சேர்ப்போர்க்கு ஒரு தனி வேலையாகிவிடும். எமது நண்பர் சுடுவதிலும் பார்க்க இதற்கே கூடுதலான நேரத்தைச் செலவிடுகின்றார்.

சுடுவதைப் பற்றியும் கூறுவோம். உரிமப் பத்திரம் இல்லாமையால் நாம் பார்வையாளராகவே நின்றோம். வெடிச்சத்தம் பெரிதாயினும் வெப்ளியின் உதைப்பு நாம் எண்ணியதுபோல் வன்மையானதன்று; .455 இன் கனத்த ஈயச் சன்னம் மெதுவாகவே செல்லும். பெருவிரலாற் சுத்தியலை முன்னரே இழுத்து வைத்துச் சுட்டால் விசை இலகுவாக இளகும். இழுக்காமலே சுடும்போது விசை ஒன்றே உருளையைச் சுழற்றிச் சுத்தியலையும் தூக்கவேண்டியிருத்தலால், விரலின் பளுவிற் குறி விலகிவிடும். நண்பரின் ஆறு சூடுகளும் முதன்முறையில் ஓர் உள்ளங்கையளவிலே விழுந்தன. இரண்டாம் முறையில் விழுந்த இடங்களைச் சொல்லாது விடுவதே நட்புக்கு அழகு. இதே பிஸ்லியில் ஒரு காலத்திற் சுழல்துப்பாக்கிப் பரிசுகள் பலவற்றை வென்றவர் வால்ட்டர் வினன்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் ஒலிம்பிக் போட்டியிலே சுடுதலுக்கு மட்டுமன்றிச் சிற்பத்துக்கும் பொற்பதக்கம் பெற்றவர்.

இங்கே ஓர் ஆபத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். யுத்தங்கள் முடிந்தபின் ஆறாம் மாதிரி வெப்ளிகள் ஏராளமாக அமெரிக்காவிலே மலிவாக விற்கப்பட்டன. அங்கே .455 ரவை அருமை, அமெரிக்கப் படையின்.45 ரவையோ எங்கும் கிடைக்கும். வணிகர்கள் உருளையின் பின்பக்கத்தைச் சற்றே சீவி, பிறை வடிவான தகட்டிலே கோத்த .45 ரவைகள் அதிற் பொருந்துமாறு செய்து விற்றனர். பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. முழு வலுவுள்ள .45 ரவையின் அமுக்கம், வெப்ளியைப் பரிசோதனைச் சாலையிலே சோதித்த அமுக்கத்தையும் விஞ்சியது. பத்துமுறை சுட்டும் ஒன்றும் நிகழவில்லை என்று சொல்வோர் உளர். பதினோராம் முறைக்கு அவரெவரும் பிணை நிற்கமாட்டார். சீவிய உருளையில் உரிய .455 ரவையை இட்டாலோ அது தளர்ந்து நின்று சரியாக வெடியாது. ஆக, துப்பாக்கி இரு ரவைகளுக்கும் உதவாததாயிற்று. கருமருந்துக் காலத்துத் தொடக்க மாதிரிகளிலே இன்றைய மருந்தை இடுவதும் இத்தகைய தவறே. இத்தாலியிலே செய்யப்படும் .455 ரவை இன்றும் கிடைக்கின்றது, விலைதான் கைக்கடி.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1996 மார்ச் 13 ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் ஆரம்பப் பாடசாலையில் ஒருவன் புகுந்து பதினாறு பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக்கொன்றான். அவன் கொண்டுசென்ற கைத்துப்பாக்கிகள் சட்டப்படி உரிமம் பெற்றவை. அடுத்த ஆண்டிலே நிறைவேறிய இரு சட்டங்களால் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஸ்கொத்லாந்திலும் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்யப்பட்டன. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டன. பழம்பொருளுக்கு 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவு இரு வாயில்களைத் திறந்தது. 1919 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் செய்யப்பட்டு, குறிப்பிட்ட வகைகளுள் அடங்குவதை ரவையின்றிச் சேர்க்கையாக வைத்திருக்கலாம். அருமையோ சரித்திரச் சிறப்போ உடையதைப் பிஸ்லி போன்ற குறித்த இடங்களில் மட்டும் வைத்து அங்கேயே சுடலாம். இதனால் ஒரு விநோதம் விளைந்தது. 1916 இல் வெப்ளியார் செய்த ஆறாம் மாதிரியையும், 1923 இல் என்பீல்டிலே செய்த அதே மாதிரியையும் அருகருகே வைத்தால் எழுத்துக்களைப் படித்தாலன்றி வேறுபாடு காண்பதரிது. ஆயினும் பின்னதற்கு முதல் வாயில் அடைபட்டது. 2021 இல், வழக்கொழிந்த ரவையளவுகளின் பட்டியலிலிருந்து ஏழு நீக்கப்பட்டன. அத்தகைய பழைய துப்பாக்கிகளுக்குக் குற்றவாளிகள் ரவை செய்யத் தொடங்கியதே காரணம்.

தம்மைக் கொலைஞரோடு ஒருங்கெண்ணிவிட்டனர் எனச் சேர்ப்போரிற் சிலர் இன்றும் மனங்குமைகின்றனர். அவர்களின் மனத்தாங்கல் எமக்கு விளங்குகின்றது. ஆனால், பாடசாலை மலரொன்றில் எழுதும் நாம், அப்பதினாறு பிள்ளைகளின் பெற்றோர் கேட்டது மிகை என்று சொல்லத் துணியோம். நண்பரும் இவ்விடயத்தில் எம் பக்கமே.

அன்று மாலை அவர் குழலைத் துடைத்து எண்ணெயிட்டு, ரவைக்கூடுகளை எண்ணி, பொறுப்பாளரிடம் துப்பாக்கியை ஒப்படைத்துக் கையொப்பமிட்டார். அவர் அதனை வாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. ஓரிரவேனும் அது அவருடைய வீட்டில் இருந்ததில்லை. பிள்ளையை விடுதியிலே விட்டுச் செல்லும் தகப்பனைப்போல ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கச் சென்றார்.