மயங்கிய மாணவனை உறங்க விடலாமா?

மது அருந்திய மாணவனொருவன் விடுதி அறையில் நினைவிழந்து கிடக்கின்றான். "உறங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்" என்று நண்பர்கள் கதவைச் சாத்துகின்றனர். ஆபத்து தொடங்குவது இவ்விடத்தில்தான்.

இறுதிக் கோப்பைக்குப் பின்னரும், குடலில் எஞ்சியுள்ள மது இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஆதலின் உறங்குபவனது மயக்கம் மேலும் வலுக்கக்கூடும். கல்லீரல் அதனைத் தனக்குரிய வேகத்திலேயே சிதைக்கும். காப்பியோ தண்ணீரோ மோரோ அவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. (மோர் புகட்டும் அன்பர்கள் நம் நாட்டில் மிகுதி, நினைவற்றவனுக்கு அதுவே மூச்சுக்குழலை அடைக்கும்.) மூளையிலுள்ள சுவாச மையம் தளர்ந்து மூச்சு மந்தமாகின்றது. இருமும் ஆற்றலும் குன்றுவதால், மல்லாந்து கிடப்பவனது வாந்தி நுரையீரலுள் இறங்கிவிடுகின்றது. எனவே அவனை ஒருக்களித்துக் கிடத்தி, ஒருவர் அகலாது அருகிருக்க, உடனே 112 எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். வலிந்து வாந்தி எடுப்பித்தல் தவறு.

கண்ணின் பாவை ஊசிமுனைபோற் சுருங்கி, மூச்சும் அருகியிருப்பின், அபினி இனத்து மருந்தை ஐயுறலாம். அதற்கு நலாக்சோன் என்னும் மாற்று மருந்து உண்டு; காலத்தில் கொடுத்தால் மூச்சு மீளும். என்ன உட்கொண்டான் என்பதை மருத்துவரிடம் மறைத்தலாகாது.

ஆயினும் நண்பர்கள் மறைக்கின்றனர். அறியாமையைவிட விடுதிக் காப்பாளரிடம் கொண்ட அச்சமே இதற்குப் பெரிய காரணம் என்பது எமது கருத்து. உதவிக்கு அழைத்தவன் தண்டிக்கப்படமாட்டான் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியர் அறிவித்துவிடுதல் நன்று. சட்டமும் அவ்வளவு கடுமையன்று. 1985-ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட போதை அடிமை, தானே முன்வந்து அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சையை நிறைவு செய்தால், வழக்கினின்று விலக்களிக்கின்றது. ஆலோசனைக்கு 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் நாடு முழுமைக்கும் உள்ளது. அதனை விடுதி வாயிலில் எழுதி வைக்கலாம்.