செய்யாத நாற்காலியின் படம்

ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னர் அதன் வடிவைக் கண்ணால் காண வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்குத் தொன்றுதொட்டே உண்டு. தச்சர் பலகையில் கோடிட்டுப் பார்த்தனர். சிறு மாதிரிகளும் செய்து பார்த்தனர். இக்காலத்தில் இப்பணிக்குக் கணிப்பொறியும் துணைநிற்கின்றது. இன்னும் செய்யப்படாத நாற்காலியையும் செய்து முடித்ததுபோல் அது காட்டவல்லது.

அவ்வாறு காட்டும் முறை வியப்பிற்குரியது. முதலில் நாற்காலியின் நீள அகல உயரங்களுக்கு ஏற்ப, எண்ணற்ற சிறு பரப்புகளை இணைத்து ஒரு வடிவம் அமைக்கப்படும். அதன்மேல் மரத்தின் வரிகளும் துணியின் இழைகளும் பதிக்கப்படும். இறுதியில் ஒளி சேர்க்கப்படும். இதுவே அரிய பகுதியாகும். மெருகிட்ட பரப்பு ஒளியை ஒரு திசையில் திருப்பும். துணி அதனைப் பல திசைகளிலும் சிதறச் செய்யும். சிவந்த சுவரின் அருகேயுள்ள வெண்பலகையில் செம்மை சிறிது படரும். இவ்வாறு ஒளி பரப்புக்குப் பரப்பு சென்று மீளும் இயல்பை ஜேம்ஸ் கஜியா என்னும் அறிஞர் 1986-ஆம் ஆண்டில் ஒரு சமன்பாடாக வகுத்தார். பல இலட்சம் கதிர்களின் வழியைக் கணக்கிட்டே கணிப்பொறி படத்தை நிறைவு செய்கின்றது.

சுவீடன் நாட்டு ஐக்கியா நிறுவனம் 1951-ஆம் ஆண்டு முதல் தன் அறைகலன்களின் படங்கள் அடங்கிய விலைப்பட்டியலை வெளியிட்டு வந்தது. படம் பிடிப்பதற்காகப் பொருள்களைத் தொலைவிலிருந்து எல்ம்ஹுல்ட் என்னும் ஊருக்குக் கொணர வேண்டியிருந்தது. நாட்டுக்கு நாடு சமையலறையின் அமைப்பு வேறுபடுவதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டிப் படம் எடுக்க நேர்ந்தது. இதனால் பொருளும் காலமும் மிகுதியாகச் செலவாயின. ஆதலின் அந்நிறுவனம் கணிப்பொறியை நாடியது. பெர்டில் என்னும் மரநாற்காலியின் படமே 2006-ஆம் ஆண்டில் முதன்முதலாக அவ்வகையில் அச்சேறியது.

எனினும் தொடக்கத்தில் வந்த படங்கள் பல மனநிறைவு அளிக்கவில்லை. கணிப்பொறி வல்லுநர் கருவியை அறிந்திருந்தனர். ஆனால் ஒரு படத்திற்கு உயிரூட்டும் ஒளியின் நுட்பத்தை அறிந்திலர். ஒளிப்படக் கலைஞரோ ஒளியை அறிந்திருந்தனர், கருவியை அறிந்திலர். புதுக்கருவி வந்ததும் பழைய கலைஞரை விலக்கிவிடலாம் என்று நிறுவனம் எண்ணவில்லை. ஒருவர் கலையை மற்றவர் கற்குமாறு அது பயிற்சி அளித்தது. அதன் பின்னரே படங்கள் செம்மையுற்றன. 2014-ஆம் ஆண்டளவில், தனிப்பொருளைக் காட்டும் படங்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கு கணிப்பொறியில் உருவானவையாக இருந்தன. அச்சிட்ட அவ்விலைப்பட்டியல் 2021-ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றது. படமாக்கும் முறையோ நிலைத்துவிட்டது.

இம்முறையால் மரம் அறுக்கப்படும் முன்னரே வடிவின் குறைகள் பல புலப்படும், வீண்செலவு குறையும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நாற்காலி எவ்வாறு தோன்றும் என்பதைப் படம் காட்டும். அமர்ந்தால் முதுகு நோகுமா என்பதை அது காட்டாது. மேலும், உள்ளதை உள்ளவாறு காட்டும் ஆற்றல் இல்லாததை இருப்பதுபோல் காட்டவும் வல்லது. படத்தை நம்பியே பலர் பொருளை வாங்குகின்றனர். ஆகவே அளவிலும் நிறத்திலும் பிறழாது வரைதல் படம் செய்வோரின் கடமையாகும். கருவி எத்துணை உயர்ந்ததாயினும், அதனை ஆள்வோரின் நேர்மையே அதற்குப் பெருமை தரும்.